மாவுப்புழு வளர்த்த மைனா

ஒரு காட்டில் முட்டாள் மைனா ஒன்று இருந்தது. கதை சொல்கிறவர்கள் முட்டாளை வழக்கமாக வெளியூரிலிருந்து கூட்டிவருவார்கள். எனக்கு அந்த அலைச்சல் இல்லை. அந்த மைனா நான்தான். பெயர் கோமதிநாயகம்.

என் வீடு ஓர் இலுப்பை மரப் பொந்து. உள்ளே என் மனைவி செவந்தி நாலு முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தாள். போன வருஷமும் நாலுதான். மழை தள்ளிப்போய், நான் கொண்டுவந்த இரை போதாமல், கடைக்குட்டி கண் திறந்த மூன்றாம் நாளே போய்விட்டது. அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை. இந்த வருஷம் நாலும் பறக்க வேண்டும் என்று நான் மரத்தைத் தொட்டுச் சத்தியம் செய்திருந்தேன்.

சத்தியம் செய்தவன் பேசாமல் புழு பிடிக்கப் போயிருக்க வேண்டும். நான் செல்போனைத் திறந்தேன்.

'வீட்டிலேயே மாவுப்புழு வளர்ப்போம்' என்று ஒரு வாட்ஸ்அப் குழு. அதில் இருநூற்றுப் பன்னிரண்டு பறவைகள். நடத்துகிறவர் செம்போத்து அருணாசலம் அண்ணாச்சி. செம்போத்து குறுக்கே வந்தால் நல்ல சகுனம் என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். குழுவில் சேர ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. பெயர், இனம், பொந்தின் அகலம் எல்லாம் எழுதிவிட்டேன். 'புழுவைக் கண்டதும் கொத்தும் பழக்கம் உண்டா?' என்ற கேள்வியில்தான் கொஞ்சம் தடுமாறி, 'எப்போதாவது' என்று எழுதினேன்.

அண்ணாச்சி ஐம்பது தாய்ப்புழுக்கள் கொடுத்தார்.

"வே கோமதி, இது இரை இல்ல, வித்து. ஒண்ணக்கூடக் கொத்தப்பிடாது. மூணு மாசத்துல அம்பது அய்யாயிரம் ஆயிரும். பொறுமைதான்வே முக்கியம்" என்றார்.

முட்டை பொரிய இன்னும் இரண்டு வாரம். புழு பெருக மூன்று மாதம். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற அறிவு எனக்கு வரவில்லை. பேருந்து நிறுத்தத்தில் யாரோ விட்டுப்போன பிளாஸ்டிக் தட்டைத் தூக்கிவந்து, பொந்துக்கு வெளியே கிளைக்கவட்டில் வைத்து, ரேஷன் கடை வாசலில் சிந்திய கோதுமையை உடைத்து அதில் பரப்பி, புழுக்களை விட்டேன். அவை தண்ணீர் குடிக்காது, ஈரத்துக்கு கேரட் துண்டு வேண்டும் என்று குழுவில் போட்டிருந்தார்கள். காட்டில் கேரட்டுக்கு எங்கே போவது? தினமும் காலையில் சந்தை வரை பறந்துபோய் வந்தேன். வழியில் வெட்டுக்கிளிகள் கண்முன்னே துள்ளின. அலகில் கேரட் இருந்ததால் விட்டுவிட்டேன்.

"காலம்பற போனவிய இப்பத்தான் வாறிய. எனக்கு என்ன கொண்டாந்திய?" என்றாள் செவந்தி.

"கேரட்டு."

"எனக்கா?"

"புழுவுக்கு."

அவள் முட்டைகளின்மேல் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். நான் அதை ஆதரவு என்று எடுத்துக்கொண்டேன்.

முட்டைகள் பொரிந்தன. நாலு வாய்கள் திறந்தன. அதே வாரம் என் புழுக்கள் ஒவ்வொன்றாகச் சுருண்டு, வெளுத்து, கூட்டுப்புழு ஆகிவிட்டன. பயந்துபோய் அண்ணாச்சிக்கு எழுதினேன். 'வாழ்த்துகள், சரியான பாதையில் போகிறீர்' என்று பதில் வந்தது. அதை மூன்று முறை படித்தேன். கூட்டுப்புழுக்கள் கருவண்டுகள் ஆனதும் தட்டைப் படம் பிடித்துக் குழுவில் போட்டேன். பதினெட்டு பேர் கைதட்டினார்கள்.

வீட்டில் செவந்தி ஒருத்தியாக இரை தேடினாள். மூன்று குஞ்சுகள் முண்டியடித்து வாங்கிக்கொண்டன. கடைக்குட்டிக்கு மிஞ்சியது கொஞ்சம். ஒரு நாள் அதன் சத்தம் மெலிந்துபோயிருந்தது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். போன வருஷம் கேட்ட சத்தம்.

"அந்த வண்டையாவது குடுங்க" என்றாள்.

"இப்பத்தான் முட்ட போடுது செவந்தி. இத்தன நாள் பொறுத்தாச்சு."

"புழு புள்ளைக்கா, புள்ள புழுவுக்கா? அதச் சொல்லுங்க மொதல்ல."

நல்ல கேள்வி. குழுவில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். இதை உங்களிடம் மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை.

அன்று மாலையே மழை கொட்டியது. விட்டதும் காடு முழுக்க ஈசல். வருஷத்தில் ஓரிரு நாள் கிடைக்கிற விருந்து. நான் இறக்கையை விரித்துத் தட்டை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏனென்றால் அண்ணாச்சி எழுதியிருந்தார்: 'ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். மழை நாளில் யாரும் தட்டை விட்டு அகலக் கூடாது.'

செவந்தி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பறந்தாள். வாய் நிறைய ஈசலோடு வந்தாள். மறுபடி போனாள், வந்தாள். முதல் வாய், இரண்டாம் வாய், மூன்றாம் வாய் எல்லாம் கடைக்குட்டிக்கு. ஏழாவது நடையில் அது கத்தியது பாருங்கள், பொந்தே அதிர்ந்தது. நான் அழுதுவிட்டேன். கண்ணீர் தட்டில் விழாமல் தலையைத் திருப்பிக்கொண்டுதான் அழுதேன்.

"புத்துக்கிட்ட கூட்டமே இல்ல. நானும் ஒங்க அண்ணாச்சியும் மட்டுந்தான். அந்த மனுசன் வாய மூட முடியாம தின்னுக்கிட்டிருக்காரு" என்றாள் செவந்தி.

உடனே அண்ணாச்சிக்கு போன் போட்டேன்.

"அண்ணாச்சி, நீங்க ஈசல் திங்கியளா? ஒங்க தட்ட யாரு பாத்துக்கிடுதா?"

"எங்கிட்ட ஏதுவே தட்டு? நான் புழு வளக்கச் சொல்லிக் குடுக்கவன்வே. வளக்கேன்னு என்னைக்குச் சொன்னேன்?" ஏப்பம் விட்டுக்கொண்டே மேலும் சொன்னார். "முன்னெல்லாம் மழ பெஞ்சா புத்துக்கிட்ட கால் வைக்க முடியாதுவே. குழு தொடங்குன பொறகுதான் நிம்மதியாத் திங்கேன்."

போனை வைத்துவிட்டேன். குழுவிலிருந்து விலகினேனா என்று கேட்பீர்கள். இல்லை. வண்டுகள் முட்டை போட்டுவிட்டனவே.

நாலு குஞ்சுகளும் பறந்தன. என் சத்தியம் காப்பாற்றப்பட்டது, காப்பாற்றியது நானில்லை. அவை பறந்துபோய் ஒரு மாதம் கழித்து என் தட்டில் புழுக்கள் நெளிந்தன. எத்தனை என்று எண்ண முடியவில்லை. தின்னத்தான் ஆளில்லை. செவந்தி தொட மாட்டாள். பிள்ளைகள் தாங்களே வேட்டையாடின. நானாவது தின்னலாம் என்றால், பாதிக்குப் பெயர் வைத்துத் தொலைத்துவிட்டேன்.

அடுத்த மழைக்கு ரோஷம் வந்தது. தட்டாவது மண்ணாவது என்று புற்றுக்குப் பறந்தேன். அங்கே ஈசல் மேகத்துக்கு நடுவில் என் கடைக்குட்டி, நன்றாகக் கொழுத்துப்போய், வாய் நிறைய வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தது.

"யப்பா, மழ பெய்யுது. தட்ட விட்டுட்டு ஏன் வந்திய? பூஞ்ச புடிச்சிரும்லா!"

அதுவும் சரிதான் என்று பட்டது. திரும்பி வந்துவிட்டேன்.

நீதி: புழு வளர்ப்புக் குழுவில் வீட்டுக்கு ஒருவர் சேர்ந்தால் போதும். மற்றவர்கள் சாப்பிட வேண்டும்.