ஓசி அடைத்த ஓட்டை

ஆபரேஷன் தியேட்டருக்குள் போன அப்பா, போன வேகத்திலேயே திரும்பி வந்தார். ஸ்ட்ரெச்சரில் மல்லாந்து படுத்தபடி, பச்சை அங்கியோடு, வராந்தாவில் நின்ற பிள்ளைகளைப் பார்த்து, "முடிஞ்சுதா?" என்று கேட்டார்.

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லப்பா," என்றாள் அக்கா.

"அதானே, வலிக்கவே இல்லையேன்னு பார்த்தேன்."

ஸ்ட்ரெச்சரைத் தள்ளிவந்த நர்ஸ் அதைச் சுவரோரம் நிறுத்தினாள். "டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்க்காம கத்தி வைக்க மாட்டாங்க. கம்ப்யூட்டர்ல படம் திறக்க மாட்டேங்குது. கொஞ்ச நேரம் பொறுங்க."

அப்பாவின் சிறுநீரகம் ஒன்றில் கட்டி வளர்ந்திருந்தது. அதை எடுத்துவிட்டால் மிச்சமிருப்பதை வைத்துக்கொண்டு காலம் தள்ளிவிடலாம் என்று சொல்லியிருந்தார்கள். எதை எடுப்பது என்பதில்தான் எல்லாம் இருந்தது.

"படம் எதுக்கு? இடது பக்கம்னு அன்னைக்கே சொன்னாங்களே," என்றார் அத்தான். அக்காவின் கணவர். தனக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதாக அவர் இதுவரை ஒப்புக்கொண்டதில்லை.

"வலது பக்கம்," என்றாள் அக்கா.

"இடது. நான் பக்கத்துலயே நின்னேன்."

அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "டாக்டரம்மா எனக்கு எதிர்ல நின்னு கையைக் காட்டினாங்க. அவங்களோட இடதா, என்னோட இடதான்னு நான் கேட்டுக்கல."



இந்தப் பேச்சு எதுவும் காதில் விழாமல், மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தான் இளையவன். வீட்டில் அவனுக்கு ஓசி என்று பெயர். வைத்தவர் அத்தான். பகலில் பெயிண்ட் கம்பெனி ஒன்றில் பில் போடுகிறவன், வீட்டுக்கு வந்ததும் எவனோ எங்கேயோ பயன்படுத்தும் கம்ப்யூட்டர்களுக்காகச் சம்பளமே இல்லாமல் உழைப்பதைப் பார்த்து, இது என்ன வேலை என்று கேட்டார். ஓப்பன் சோர்ஸ் என்றான் அவன். "அதை ஏன் நீட்டி முழக்குற? சுருக்கமா ஓசின்னு சொல்லு," என்றார். அன்றிலிருந்து அதுவே நிலைத்துவிட்டது.

யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்து வைத்திருக்கும் ஆபரேட்டிங் சிஸ்டம் ஒன்றில், ஒரு சின்ன மூலை ஓசியின் பொறுப்பு. ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு வரும் பெரிய கோப்புகளை வாங்கிப் பிரித்து அடுக்கி வைக்கும் நிரல். ஆரம்பத்தில் அதை ஒரு கூட்டமே பார்த்துக்கொண்டது. ஒருத்தர் கல்யாணம் ஆகிப் போனார், ஒருத்தர் செத்துப்போனார், மற்றவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் நழுவினார்கள். கடைசியில் மாட்டிக்கொண்டவன் இவன். எத்தனை லட்சம் கம்ப்யூட்டர்களில் அது ஓடுகிறது என்று அவனுக்கே தெரியாது. நன்றாக ஓடும்வரை யாரும் அவனுக்கு எழுதியதில்லை.

நேற்றுக் காலை எல்லாரும் எழுதினார்கள். அந்த நிரலில் ஓர் ஓட்டை இருப்பதை யாரோ கண்டுபிடித்து ஊரறியப் போட்டு உடைத்துவிட்டார். அதன் வழியாக எந்த வெளியாளும் உள்ளே புகுந்து வீட்டுக்காரன் மாதிரி உட்கார்ந்துகொள்ளலாமாம். அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த கையோடு, இதே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஓசி அந்த ஓட்டையை அடைக்கும் ஒட்டு ஒன்றை, பேட்ச் என்பார்கள், எழுதி முடித்தான். "பேட்ச் தயார். தயவுசெய்து உடனே போடுங்கள்," என்று உலகத்துக்கு அனுப்பிவிட்டு, அப்பாவுக்குப் போர்வை வாங்கப் போனான்.

இப்போது ஒரு புகார் வந்திருந்தது. எழுதியவர் யாரோ, எந்த தேசமோ. "உங்கள் பேட்சைப் போட்டதிலிருந்து பெரிய படங்கள் திறக்க மறுக்கின்றன."

ஓசி அதை இரண்டாம் முறை படித்துக்கொண்டிருந்தபோதுதான் நர்ஸின் குரல் அவன் காதில் ஏறியது. படம் திறக்க மாட்டேங்குது.

எழுந்து விசாரணை கவுன்ட்டருக்கு ஓடினான். அங்கிருந்த பெண் கறுத்துப்போன திரையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"மேடம், உங்க கம்ப்யூட்டர் எல்லாம் எந்த சிஸ்டத்துல ஓடுது?"

"ஏதோ ஓசியில கிடைக்கிறதாம் சார்."

"எப்போலேர்ந்து இப்படி?"

"நேத்து ராத்திரி நான் கிளம்புறவரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு. காலையில வந்து பார்த்தா படுத்துக்கிச்சு."

ராத்திரியே தன் பேட்சைப் போட்டுவிட்டார்கள் என்று ஓசி கணக்குப் போட்டான். உடனே போடுங்கள், உடனே போடுங்கள் என்று எத்தனையோ வருஷமாகத் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறான். ஒருத்தரும் காதில் போட்டுக்கொண்டதில்லை. உலகத்திலேயே முதல் முறையாக ஓர் இடத்தில் அவன் பேச்சைக் கேட்டிருக்கிறார்கள். அதுவும் அப்பா படுத்திருக்கிற ஆஸ்பத்திரியில்.

நாற்காலிக்குத் திரும்பி, தப்பைத் தேடினான். கிடைத்தது. அவசரத்தில் ஒரு சோதனையைக் கொஞ்சம் அதிகமாகவே இறுக்கியிருந்தான். ஓட்டையோடு சேர்ந்து வாசலும் அடைபட்டிருந்தது. அதைத் தளர்த்தினான்.

"டேய், அப்பா பக்கத்துல கொஞ்சம் வந்து நில்லேன்டா," என்றாள் அக்கா.

"ஒரு நிமிஷம்க்கா."

"அவருக்குக் குளுருது. பச்சைத் தண்ணி பல்லுல படல. நீ அந்தப் பெட்டியையே கட்டிட்டு அழு."

இரண்டாவது பேட்சை அனுப்பிவிட்டு அவன் அப்பாவின் காலைத் தேய்த்துவிட்டான். பாதம் சில்லென்றிருந்தது. சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது. முதலில் புகார் சொன்ன அதே ஆள்.

"இப்போது படம் திறக்கும் என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கம்ப்யூட்டரே திறக்கவில்லை."

பின்னாலேயே இன்னொருவர். அப்புறம் வரிசையாக.

அதேநேரம் ஆஸ்பத்திரியும் ஒவ்வொரு பாகமாகச் செயலிழக்க ஆரம்பித்தது. பரிசோதனைக் கூடத்தில் ரிசல்ட் வரவில்லை. மருந்து கவுன்ட்டரில் கதவைச் சாத்தினார்கள். "தொழில்நுட்பக் கோளாறு, ஒத்துழைக்கவும்" என்று அட்டையில் எழுதி ஒட்டிவிட்டுப் போனார் ஓர் ஊழியர். அதற்குமேல் எதைக் கேட்டாலும் ஊழியர்கள் மாடியைக் கை காட்டினார்கள்.

பக்கத்து நாற்காலியில் ஒரு பெண் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். லாரியில் அடிபட்ட அவள் கணவன் உள்ளே கிடந்தான்.

"ரத்தம் இருக்குதாம்," என்றாள் யாரிடமோ சொல்வதுபோல. "பை பையா இருக்காம். எந்தப் பை யாருக்குன்னு கம்ப்யூட்டருக்குத்தான் தெரியுமாம். அது வாயைத் திறக்க மாட்டேங்குதாம்."

ஓசியால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. அக்காவைத் தூணுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனான்.

"அக்கா, இது என்னாலதான்."

"எது?"

"இது எல்லாம். நேத்து நான் ஒண்ணு அனுப்பினேன். அதைப் போட்டதாலதான் இங்க படம் திறக்கல. சரி பண்றேன்னு இன்னைக்கு இன்னொண்ணு அனுப்பினேன். அதுல எல்லாமே படுத்துடுச்சு."

அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்பாவோட கிட்னி ஆபரேஷனை வீட்லேர்ந்தே நீ நிறுத்திட்டியா?"

"வீட்லேர்ந்து இல்லக்கா. இங்கேர்ந்துதான்."

"உன்னை யாருடா பண்ணச் சொன்னது?"

"யாரும் சொல்லல. யாராவது பண்ணணும்ல?"

தூணுக்கு அந்தப் பக்கம் அத்தான் நின்றிருந்ததை இருவருமே கவனிக்கவில்லை. அவர் ரகசியம் பேசினாலே தெருக்கோடிவரை கேட்கும். இப்போது ரகசியம் பேசும் எண்ணம்கூட அவருக்கு இல்லை.

"இவன்தானா! நான் அன்னைக்கே சொன்னேன், ஓசியில பண்ற வேலை உருப்படாதுன்னு! இங்க அத்தனை கம்ப்யூட்டரையும் கெடுத்தது என் மச்சான்தானாம்!"

வராந்தா மொத்தமும் திரும்பியது. அடுத்த கணம் யார் யாரோ சுற்றி நின்றார்கள். கையில் கட்டுப் போட்டிருந்த ஒரு தடித்த ஆள், கட்டில்லாத கையால் ஓசியின் சட்டைக் காலரைப் பிடித்தார்.

"என் பொண்ணு ரிப்போர்ட்டுக்காகக் காலையிலேர்ந்து நிக்கிறேன். நீதானா அது?"

"நான்தாங்க," என்றான் ஓசி. மறுக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. ரத்தத்துக்குக் காத்திருந்த பெண் மட்டும் திட்டவில்லை. அவனை வெறுமனே பார்த்தாள். நாலு அறை விழுந்திருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

"யோவ், அவனை விடுய்யா!" என்று ஸ்ட்ரெச்சரிலிருந்து குரல் வந்தது. அப்பா தலையைத் தூக்கப் பார்த்து முடியாமல் கூரையிடமே அதட்டினார். "அவனை அடிச்சிட்டா யாரு சரி பண்றது? நீ பண்ணுவியா?"

தடித்த ஆள் யோசித்தார். பிடியை விட்டார். காலரைக்கூட நீவிவிட்டார்.

"இங்க வாடா," என்றார் அப்பா. ஓசி குனிந்தான். "இதுக்கு எவனாவது உனக்குச் சம்பளம் குடுக்கிறானா?"

"இல்லப்பா."

"அப்ப உன்னை வேலையை விட்டுத் தூக்கவும் முடியாது. பயப்படாம செய்."

இனி ஒட்டுப் போடுவதில் அர்த்தமில்லை என்று ஓசி முடிவு செய்தான். ஒரு தப்பை மறைக்க இன்னொன்று போட்டுத்தான் இவ்வளவு தூரம் வந்தது. நேற்றைய பேட்ச், இன்றைய பேட்ச் இரண்டையும் விலக்கிக்கொண்டான். உலகத்துக்கே பெரிய எழுத்தில் எழுதினான்: "நான் அனுப்பிய இரண்டையும் உடனே எடுத்துவிடுங்கள். பழைய நிலைக்கே போய்விடுங்கள். ஓட்டையைவிட என் அடைப்பு மோசமானது. ஓர் ஆஸ்பத்திரியில் உயிர்கள் ஊசலாடுகின்றன, என் கண்ணால் பார்க்கிறேன். மன்னித்துவிடுங்கள்."

உலகம் அவன் பேச்சைக் கேட்டது. அதுதான் ஆச்சரியம். போடுங்கள் என்றபோது முனகிக்கொண்டே போட்டவர்கள், எடுங்கள் என்றதும் விழுந்தடித்துக்கொண்டு எடுத்தார்கள். "எடுத்துவிட்டோம், நன்றி" என்று வங்கியிலிருந்து எழுதினார்கள். ரயில்வேயிலிருந்து எழுதினார்கள். தண்ணீர் சுத்திகரிக்கும் இடம் ஒன்றிலிருந்து, "உங்கள் நேர்மைக்குத் தலைவணங்குகிறோம்" என்று எழுதியிருந்தார்கள். இத்தனை வருஷத்தில் அவனுக்கு இவ்வளவு பாராட்டு வந்ததில்லை. படித்தபோது கண் கலங்கியது. ஓட்டை இருந்தால் இருந்துவிட்டுப் போகிறது, நாளைக்கு நிதானமாக அடைத்துக்கொள்ளலாம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டான்.

ஆனால் ஆஸ்பத்திரி மட்டும் எழுந்திருக்கவில்லை.

"எழுந்திரிக்க நேரமாகும்," என்று கூட்டத்துக்குச் சமாதானம் சொன்னான். தனக்கும்.

அதற்குள் டாக்டரம்மா பொறுமை இழந்துவிட்டாள். ஒல்லியான, தூக்கம் கெட்ட முகம். சக்கரம் வைத்த சின்ன ஸ்கேன் மெஷின் ஒன்றைத் தானே உருட்டிக்கொண்டு வந்து, வராந்தாவிலேயே திரையைக் கட்டி, அப்பாவின் இடுப்பில் பசையைத் தடவிப் பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்துத் தோலில் ஒரு வட்டம் போட்டாள்.

"வலது பக்கம். உங்க வலது," என்றாள் அப்பாவிடம்.

அக்கா அத்தானைப் பார்த்தாள். அத்தான் சுவரில் இருந்த தீயணைப்புக் குறிப்புகளை ஊன்றிப் படித்தார்.

ரத்தப் பைகளையும் ஒவ்வொன்றாகக் கையாலேயே சோதித்துக் கொடுத்தார்கள். கைப்பைக்காரப் பெண் எழுந்து உள்ளே ஓடியபோது ஓசிக்குப் பாதி உயிர் வந்தது. மீதி உயிர் சாயங்காலம் வந்தது. நர்ஸ் கதவைத் திறந்து, "நல்லபடியா முடிஞ்சுது. கட்டியை முழுசா எடுத்தாச்சு. கண்ணு முழிச்சிட்டாரு," என்றாள்.

"எந்தப் பக்கம்?" என்றார் அத்தான்.

"கட்டி இருந்த பக்கம்," என்று சொல்லிவிட்டு அவள் கதவைச் சாத்தினாள்.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்து விம்மி அழுதாள். ஓசி அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். இனி அந்த நிரல் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை, யாராவது கெட்டிக்காரனிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டான். நினைத்ததும் உடம்பே லேசானது.

அப்போதுதான் மாடிப்படியில் ஒரு மனிதர் இறங்கி வந்தார். சட்டை முழுக்க வியர்வை. கழுத்தில் ஆஸ்பத்திரி அட்டை. கவுன்ட்டர் பெண் அவரைக் காட்டி, "அவர்தான் இங்க கம்ப்யூட்டரைப் பார்த்துக்கிறவர்," என்றாள். அத்தான் விடுவாரா? மச்சானின் தோளைப் பிடித்து அவர் எதிரே கொண்டுபோய் நிறுத்தினார்.

"சார், குற்றவாளி இவன்தான். நீங்களே கேளுங்க."

ஓசி கையைக் கூப்பினான். "மன்னிச்சுக்கங்க சார். எல்லாம் நான் நேத்து அனுப்பின பேட்ச்னாலதான். உங்க தப்பு ஒண்ணுமில்ல. இப்ப அதை எடுத்துட்டேன். உலகத்துல யாருமே வெச்சுக்க வேணாம்னு சொல்லி, எல்லாரையும் எடுக்க வெச்சுட்டேன். நீங்களும் எடுத்துட்டா சரியாயிடும்."

அந்த மனிதர் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஒன்றும் புரியாமல் அவனைப் பார்த்தார்.

"உங்க பேட்சா? அதை யாரு சார் இங்க போட்டா? நேத்தே போட்டிருந்தா, ராத்திரி அந்த ஓட்டை வழியா திருடன் உள்ள வந்து எல்லாத்தையும் பூட்டிட்டு உட்கார்ந்திருப்பானா?"