கேரண்டியா, வாரண்டியா?

மனைவி கடைத்தெருவிலிருந்து திரும்புவதற்குள் வாஷிங் மெஷினை ஓட வைத்தே தீருவது என்று அவர் சபதம் எடுத்தார். இத்தனைக்கும் காலையில் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. கொஞ்சம் கடகடவென்று சத்தம் போட்டது, அவ்வளவுதான். அந்தச் சத்தத்தை நிறுத்துகிறேன் பேர்வழி என்று பின்பக்க மூடியைக் கழற்றினார். சத்தம் நின்றது. மெஷினும் நின்றது.

வேறு யாராவது இந்தக் காரியத்தைச் செய்திருந்தால் மன்னித்துவிடலாம். இவர் வீட்டுச் சாமான்கள் விற்கும் பெரிய கடை ஒன்றில் மூத்த விற்பனையாளர். ஒவ்வொரு மெஷினுக்கும் பின்னால் திருகாணியின் மேல் ஒரு காகிதச் சீல் ஒட்டியிருக்கும். “சீல் கிழிஞ்சா வாரண்டி போச்சு. அப்புறம் கடவுளே வந்து கேட்டாலும் ஒண்ணும் பண்ண முடியாது” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஓதி ஓதி, கடையில் அவருக்குச் ‘சீல்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. அந்தச் சீல் சார் வீட்டுச் சீல்தான் இப்போது குளியலறை வாசலில் கிழிந்து கிடந்தது.

நாளைக்குக் கடையில் புது சூப்பர்வைசர் யார் என்று முதலாளி அறிவிக்கப்போகிறார். தனக்குத்தான் அந்த நாற்காலி என்று சீல் சார் ஆறு மாதமாகக் கனவு கண்டுகொண்டிருந்தார். கண்ணாடி முன்னால் நின்று அதட்டிக்கூடப் பழகியாகிவிட்டது. இந்த விஷயம் வெளியே போனால் நாற்காலி போய்விடும். போவதோடு நிற்காது, கடையே கைகொட்டிச் சிரிக்கும்.

மூடியைப் பொருத்தி மெஷினைச் சுவரோடு தள்ளவும் மனைவி உள்ளே வரவும் சரியாக இருந்தது.

“என்னங்க, மெஷின் ஏன் கம்முனு நிக்குது?”

“ரெஸ்ட் குடுத்திருக்கேன்.”

“துணியெல்லாம் தண்ணியிலயே நிக்குதே.”

“ஊறட்டும். ஊறினாத்தான் அழுக்கு போகும்.”

“நல்லா ஊறுச்சு. இருங்க, கடைக்குப் போன் பண்ணி யாரையாவது வரச் சொல்றேன்.”

கடையிலிருந்து வருகிறவன் முதலில் பார்ப்பதே மெஷினின் முதுகைத்தான். ஆளே வராதபடி ஏதாவது செய்தாக வேண்டும். ஒரு வாரம் கிடைத்தால் போதும், தெரிந்த மெக்கானிக்கை வைத்துச் சத்தமில்லாமல் சரிபண்ணிவிடலாம். அவர் மூளை தறிகெட்டு ஓடியது. ஓடிப்போய் அன்றாடம் சோறு போடும் அந்த இரண்டு சொற்களிடமே தஞ்சம் புகுந்தது.

“யாரும் வரமாட்டாங்க. இந்த மெஷினுக்கு வாரண்டி இல்ல.”

“இல்லையா?”

“கேரண்டி.”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. இனி என்ன சொன்னாலும் செல்லும். நெஞ்சை நிமிர்த்தி, கடைக்குரலில் ஆரம்பித்தார்.

“எப்படி ஒண்ணாகும்? வாரண்டின்னா ஆள் வந்து ரிப்பேர் பண்ணித் தருவாங்க. கேரண்டின்னா ரிப்பேர்ங்கற பேச்சே கிடையாது. பொருளையே மாத்திக் குடுத்துடுவாங்க. அதனால ஆள் வந்து பாக்கறதுக்கு ஒண்ணுமில்ல. நானே கடையில பேசி மெல்ல ஏற்பாடு பண்றேன். நீ யார்கிட்டயும் வாயைத் திறக்காத.”

“அப்ப புது மெஷினே வந்துடுமா?”

“வந்துடும்.”

“சும்மா சொல்லலையே?”

“நான் எதுக்குச் சும்மா சொல்றேன்? கேரண்டின்னா கேரண்டிதான்.”

அவள் தலையை ஆட்டிக்கொண்டு உள் அறைக்குப் போனாள். அப்பாடா என்று அவர் நாற்காலியில் சாய்ந்தார். உள்ளேயிருந்து போன் பேசும் குரல் கேட்டது. சாய்ந்தவர் நிமிர்ந்தார்.

“யார்கிட்டப் பேசினே?”

“உங்க முதலாளிகிட்டத்தான். புது மெஷின் குடுக்கறாரு, ஒரு நன்றி சொல்ல வேண்டாமா?”

“அவர்... என்ன சொன்னாரு?”

“‘அப்படியா சொன்னான்?’னு கேட்டாரு. அப்புறம் நேர்லயே வர்றேன்னுட்டாரு.”

முதலாளியின் சட்டம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். விற்பவர் வாடிக்கையாளரிடம் வாயால் ஒன்றைச் சொல்லிவிட்டால் கடை அதை நிறைவேற்றும். செலவு மட்டும் சொன்னவர் தலையில் விடியும். மெஷின் வாங்கியது மனைவி பெயரில். அவள்தான் வாடிக்கையாளர். விற்றது யார் என்று சொல்லவே வேண்டாம்.

தெருவில் கார் நின்ற சத்தம் கேட்டதும் அவர் ஓடிப்போய் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே தன்னைச் செருகிக்கொண்டார். இடது கால் மட்டும் உள்ளே போகாமல் வெளியே நின்றது. முதலாளி ஒரு காலத்தில் மெக்கானிக்காக இருந்தவர். வந்தவர் உட்காரவில்லை, தண்ணீர்கூடக் கேட்கவில்லை. நேரே மெஷின் பக்கம் வந்து நின்றார்.

“அங்க என்னய்யா பண்றே?”

“சும்மா, காத்து வாங்கறேன் சார்.”

“மெஷினுக்குப் பின்னாலயா? சரி, இவங்ககிட்ட என்ன சொன்னே? கேரண்டியா, வாரண்டியா?”

வாரண்டி என்றால் முதலாளி இப்போதே மூடியைக் கழற்றிப் பார்ப்பார், சீல் விஷயம் சந்தி சிரிக்கும். கேரண்டி என்றால் புது மெஷின் இவர் சம்பளத்திலிருந்து வரும். இந்த இரண்டு சொல்லை வைத்து எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியவர் அவர். இப்போது இரண்டும் சேர்ந்து ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டன. நெற்றி வேர்வை மூக்கு நுனிக்கு வந்து சொட்டியது.

“மெஷினுக்கு ஒண்ணுமே இல்ல சார். நல்லா ஓடும்” என்றார்.

மனைவி போய்ச் சுவிட்சைப் போட்டாள். மூன்று பேரும் காத்திருந்தார்கள். வெளியே எங்கோ ஒரு நாய் குரைத்தது, அவ்வளவுதான்.

“சொல்லுங்க,” என்றாள் அவள். “என்கிட்ட எவ்வளவு தெளிவா சொன்னீங்க.”

சம்பளம் போனால் போகட்டும், நாற்காலியாவது மிஞ்சட்டும் என்று அவர் முடிவுக்கு வந்தார். “கேரண்டி சார்” என்றார் ஈனசுரத்தில்.

“சொன்னா சொன்னதுதான். நாளைக்குப் புதுசு வந்துடும். உன் சம்பளத்துல பிடிச்சுக்கறேன். தள்ளு, இந்தப் பழசை எடுத்துட்டுப் போகணும்.”

“இதை எதுக்கு சார் எடுக்கணும்? இங்கயே ஒரு மூலையில கிடக்கட்டும்.”

“பின்பக்கம் பார்த்துடுவீங்கன்னு பயப்படறாரு சார்” என்றாள் மனைவி. “நான் கதவைத் திறந்ததுமே பாத்துட்டேன். கிழிஞ்ச சீல் அவர் முட்டியிலயே ஒட்டிட்டிருக்கு.”

அவர் குனிந்து பார்த்தார். இடது முட்டியில், கடையின் முத்திரையோடு, பளபளவென்று ஒட்டியிருந்தது. வாசலில் கிடந்தது, மூடியை மறுபடி பொருத்த மண்டியிட்டபோது ஒட்டியிருக்க வேண்டும். பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் போல இருந்தது.

“நானும் வந்ததுமே பார்த்தேன்” என்றார் முதலாளி. “ஆனா, அம்மா, உங்களுக்குத்தான் ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதுன்னு இவன் நினைச்சிருக்கானே?”

“தெரியாம என்ன சார். ராத்திரி தூக்கத்துலகூட அதைத்தான் சொல்றாரு. சீல் கிழிஞ்சிருந்தா வாரண்டியில ஒண்ணும் கிடைக்காது. அதான் அவர் வாயாலயே கேரண்டின்னு சொல்ற வரைக்கும் ஒண்ணும் தெரியாத மாதிரி இருந்தேன்.”

முதலாளி அவள் பக்கம் திரும்பினார்.

“முன்னாடி எங்கயாவது வேலை பார்த்திருக்கீங்களா?”

“டெலிபோன் ஆபீஸ் புகார்ப் பிரிவுல இருந்தேன் சார். மறுபடி எங்கயாவது போகணும்னு இவர்கிட்டச் சொல்லிட்டே இருக்கேன். பாக்கலாம் பாக்கலாம்ங்கறாரு.”

“ம்.” முதலாளி கார் சாவியை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பினார். “சூப்பர்வைசர் யாருன்னு இத்தனை நாளாக் குழம்பிட்டிருந்தேன். இந்த வீட்டுக்குத்தான்னு முடிவு பண்ணிட்டேன்.”

சீல் சாருக்குக் காதையே நம்ப முடியவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. மெஷினுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து தன்னைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்து, இரண்டு கையையும் கூப்பினார். முதலாளி அவரைத் தாண்டிப் பார்த்துச் சொன்னார்:

“காலையில நேரத்தோட வந்துடுங்கம்மா.”