துரைக்கு நான் கொடுத்த முப்பாட்டன்

வாழ்க்கையில் நான் செய்த தானங்கள் ரொம்பக் குறைவு. அவற்றுள் பெரியது, ஒரு வெள்ளைக்காரருக்கு முப்பாட்டன் ஒருவரைத் தானம் செய்தது. அவர் கேட்கவில்லை. நானாகவே கொடுத்தேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகள். ரங்கூன் கெமண்டைனில், ஆற்றோரத்து அரிசி ஆலை ஒன்றில் நான் குமாஸ்தா. வயது இருபத்திரண்டு. மீசை இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. கர்வம் மட்டும் முழுசாக முளைத்திருந்தது. மேனேஜர் பிளெட்சர் துரை ஓய்வு பெற்றுச் சீமைக்குக் கப்பலேறப் போகிறார் என்றதும், ஊழியர்கள் சார்பில் ஒரு வாழ்த்துப் பத்திரம் எழுதி, கண்ணாடிச் சட்டம் போட்டு, சபையில் படித்துக் கொடுப்பதென்று முடிவாயிற்று. எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. (விழவில்லை. நான்தான் தலையைக் கொண்டுபோய் நீட்டினேன்.)

நீட்டியதற்குக் காரணம் செல்லம்மா. எங்கள் ஹெட்கிளார்க் வேதாசலம் பிள்ளையின் ஒரே மகள். அவளை எனக்குக் கொடுக்க அவர் பாதிச் சம்மதம் சொல்லியிருந்தார். மீதிப் பாதிக்காக நான் என் குலப்பெருமையை அளந்து வைத்திருந்தேன்: தஞ்சாவூர்ப் பக்கம் நிலபுலன், தாத்தா மிராசுதார், அப்பாவுக்கு அக்கரையில் சிரியத்தில் அரிசித் தொழில். இதில் அரிசி மட்டும் நிஜம். என் அப்பா சிரியம் படகுத்துறையில் அரிசி மூட்டை சுமந்தார். அவருடைய அப்பா யாரென்று அவருக்கே தெரியாது. இந்தப் பத்திரத்தைப் படித்து ஹெட்கிளார்க்கை அசத்திவிட்டால் கல்யாணம் நிச்சயம் என்று கணக்குப் போட்டேன்.

நம்மவர்கள் ஒருவரை வாழ்த்துவதென்றால் அவர் குலத்தில் தொடங்கினால்தான் திருப்தி. துரையின் குலத்துக்கு நான் எங்கே போவது? அவர்களுக்கோ குடும்பப் பெயர் என்று ஒன்று இருக்கிறது. தாத்தா, அப்பா, பிள்ளை எல்லோருக்கும் ஒரே பெயர். நமக்கு அப்பா பெயரின் முதலெழுத்தோடு சரி, அடுத்த தலைமுறையில் அதுவும் உதிர்ந்துவிடும். ஆகவே அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டே பின்னால் நடந்தால் முப்பாட்டன் வீட்டு வாசலுக்கே போய்விடலாம் என்று நம்பினேன். நூலகத்தில் ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டினேன். பிளெட்சர் என்றால் அந்தக் காலத்தில் அம்பு செய்பவர் என்று போட்டிருந்தது.

எனக்கு அது போதாதா? துரையின் முப்பாட்டன் செய்த அம்பை விடாமல் இருப்பாரா? விட்டார். போர்க்களத்தில் அரசனின் வலப்பக்கம் நின்றுகொண்டு விட்டார். எதிரிப் படை சிதறியது. அரசன் கட்டித் தழுவிக்கொண்டான். (இதெல்லாம் புத்தகத்தில் இல்லை.)

பக்கத்து மேஜைக்காரர் கோ பா டின் நான் எழுதியதைப் படித்துப் பார்த்தார். பர்மாக்காரர், எங்களோடு பழகிப் பழகித் தமிழ் தண்ணீராகப் பேசுவார். ('கோ' என்றால் அவர்கள் பாஷையில் அண்ணன் மாதிரி ஒரு மரியாதை.)

"கோ சுந்தரம், எங்க ஆளுங்களுக்குக் குடும்பப் பேரே கிடையாது. அப்பா பேர் ஒண்ணு, என் பேர் ஒண்ணு. நாங்க யாரும் தொலைஞ்சு போயிடலையே. துரையைப் பத்தி எழுதுய்யா. செத்தவனை எதுக்கு எழுப்புறே?"

"உங்களுக்கு இதெல்லாம் புரியாது" என்றேன் பெரிய மனுஷனாட்டம்.

விழா அன்று மாலை ஆலை முற்றத்தில் நல்ல கூட்டம். பத்திரத்தோடு எழுந்து நின்று பார்த்தால், மூட்டைக்காரர்கள் நடுவே என் அப்பா! மகன் துரை முன்னால் இங்கிலீஷ் படிக்கப் போகிறான் என்று யாரோ படகுக்காரர் சொல்லி, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு ஆற்றைக் கடந்து வந்திருக்கிறார். என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் புரிந்துகொண்டு ஒரு மூட்டை அடுக்குக்குப் பின்னால் ஒதுங்கினார். இதை எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது.

படித்தேன். அம்பு பறக்கப் பறக்க, துரையின் முகம் சிவந்துகொண்டே போயிற்று. பெருமையில் சிவக்கிறார் என்று குரலை இன்னும் உயர்த்தினேன். பக்கத்தில் அவர் மனைவி துரைசானி தலை குனிந்திருந்தார். படித்து முடித்தேன். துரை எழுந்தார்.

"அந்த அம்புக்காரர் யாரோ, எனக்குத் தெரியாது. என் தாத்தா, பிறந்த மறுநாளே சர்ச் வாசலில் அநாதையாகக் கிடந்த குழந்தை. எதிர்க் கசாப்புக் கடைக்காரர் தூக்கினார். பிளெட்சர் என்ற அவர் பெயரையே குழந்தைக்கும் வைத்துவிட்டார்கள். இந்த ஊரில் இத்தனை வருஷமாக நான் இதை யாரிடமும் சொன்னதில்லை. இன்றைக்கு நீ சொல்ல வைத்துவிட்டாய்." என்னைப் பார்த்தார். "சரி, எனக்கு ஒரு முப்பாட்டன் கொடுத்தாயே, உன் தாத்தா யார்?"

தமிழில் கேட்டிருந்தால் மிராசுதார் தயாராக இருந்தார். கேட்ட மாத்திரத்தில் பொய் சொல்லுமளவுக்கு என் ஆங்கிலம் வளர்ந்திருக்கவில்லை. அது மட்டுமில்லை, அந்த மனிதர் அப்படிச் சொன்ன பிறகு பொய் சொல்ல வாயும் வரவில்லை.

"தாத்தா தெரியாது, சார். அப்பா அதோ, அந்த மூட்டைகளுக்குப் பின்னால் நிற்கிறார். சிரியத்தில் மூட்டை சுமக்கிறார்."

கோ பா டின் இதைக் கூட்டத்துக்காகக் கணீரென்று தமிழில் சொன்னார். (நான் கேட்டேனா?) எல்லாத் தலைகளும் திரும்பின. துரை இறங்கிப் போய் அப்பாவிடம் கையை நீட்டினார். அப்பா இரண்டு உள்ளங்கைகளையும் கைலியில் துடைத்துவிட்டு, இரண்டையும் கொடுத்தார். ஹெட்கிளார்க் குடையை எடுத்துக்கொண்டு வெளியேறினார். கல்யாணமும் அதோடு வெளியேறிவிட்டதென்று நினைத்தேன்.

படகுத்துறைக்கு நடக்கும்போது அப்பா கேட்டார்: "துரைகிட்ட என்னடா சொன்னே?"

"நீங்க யாருன்னு சொன்னேன்."

"அதுக்கா கை குடுத்தாரு?" என்று சிரித்துவிட்டு, பிறகு மெதுவாக, "முன்னாடியே சொல்லியிருக்கலாமேடா" என்றார்.

மறுநாள் காலை வேதாசலம் பிள்ளை என் மேஜைக்கு வந்தார். "நீ புளுகினதுக்கு உன்னைத் தொரத்தணும். ஆனா, துரையே இறங்கி வந்து கை குடுத்த மனுஷனைச் சம்பந்தியா வேணாம்னு சொன்னா ஊர்ல என்னையில்ல சிரிப்பாங்க!"

அப்படி வந்து சேர்ந்தவள்தான் செல்லம்மா. நான் எதையாவது பெருமையாகச் சொல்லத் தொடங்கினால் போதும், அடுப்படியிலிருந்து "அம்பு கிளம்பிடுச்சு!" என்று குரல் வரும். இப்போது அந்தப் பாடம் பேரன் பேத்திகள் வரைக்கும் போய்விட்டது. குடும்பப் பெயர் கேட்கும் படிவம் ஏதாவது வீட்டுக்கு வந்தால் பேத்தி பேனாவோடு வந்து நிற்கிறாள்.

"தாத்தா, அம்பு போடவா, மூட்டை போடவா?"

"மூட்டை போடு" என்கிறேன். அந்தக் கட்டத்தில் என் அப்பாவின் பெயரை முழுசாக எழுதுகிறாள்.