அம்மாவுக்கு வந்த கொழுப்பு

உயிரே போனாலும் சரி, தன் தட்டில் ஒருத்தரும் கை வைக்கக் கூடாது என்று அப்பா சபதம் எடுத்தபோது அவர் கையில் ஒரு கத்தரிக்கோல் இருந்தது. எதிரில் பசை. பக்கத்தில் இரண்டு முழு உடல் பரிசோதனை அறிக்கைகள். ஒன்று அவருடையது, ஒன்று அம்மாவுடையது. அப்பாவின் அலுவலகத்தில் குடும்பத்தோடு வரச்சொல்லி எடுத்தது.

நான் பள்ளிக்கூடப் பையைக்கூட இன்னும் இறக்கவில்லை.

"என்னப்பா, கைவேலையா?"

அப்பா ஒரு சாண் எழும்பி உட்கார்ந்தார். "கதவைச் சாத்துடீ! உங்கம்மா எங்க?"

"மாடியில, தையல்கார அத்தை வீட்டுல. ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?"

"கொழுப்பு."

"யாருக்கு, எனக்கா?"

"எனக்குத்தான்! இருநூத்தி எண்பத்தி நாலு!"

"எவ்வளவு இருக்கணும்?"

"இருநூறுக்குள்ள."

"அய்யோ!"

"அய்யோவை அப்புறம் வச்சுக்க. உங்கம்மாவுக்கு நூத்தி அறுபத்தஞ்சு! இது நியாயமா? ஒரே அடுப்பு, ஒரே சட்டி!"

சட்டி ஒன்றுதான். ஆனால் அதில் பொரித்த கோழியின் கால் இரண்டும் அப்பாவுக்கு. தோல் அப்பாவுக்கு. மிஞ்சிய எண்ணெயில் பிரட்டி எடுத்த ரொட்டியும் அப்பாவுக்கு. அம்மாவுக்குக் கழுவச் சட்டி.

அப்பாவின் பயம் இதயத்தைப் பற்றியது அல்ல, மாடி வீட்டு மாமாவைப் பற்றியது. போன வருடம் அவருக்கு இருநூற்று முப்பது வந்தது. அன்றிலிருந்து தையல்கார அத்தை அவருக்கு வேகவைத்த பீன்ஸைத் தவிர வேறெதையும் கண்ணில் காட்டவில்லை. மனிதர் இப்போது சாலையில் பச்சை விளக்கு விழுந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

"அதனால?" என்றேன்.

"அதனால இது என் ரிப்போர்ட் இல்ல. உங்கம்மாவோடது. அவ பத்தியம் இருக்கட்டும். எனக்கு எப்பவும் போல பொரிச்சுப் போடட்டும்."

எனக்கு வாய் மூடவில்லை. போலிச் சான்றிதழ்களைக் கண்டுபிடிப்பதுதான் அப்பாவின் உத்தியோகம். இருபது வருட அனுபவம். அந்த அனுபவம் முழுவதையும் இறக்கி, அம்மாவின் பெயர், வயது, 'பெண்' என்ற சொல் மூன்றையும் நறுக்கித் தன் அறிக்கையின் மூன்று பக்கத்திலும் ஒட்டி, தெருமுனைக் கடையில் நகல் எடுத்து வந்தார். திரும்பும்போது முதல் மாடித் திருப்பத்திலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். முகம் வெளுத்திருந்தது.

"மூச்சு வாங்குதாப்பா?"

"காத்து வாங்கறேன்."

அந்த ஒரு நிமிடம் மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். அன்று மாலையே நாடகம் ஆரம்பித்துவிட்டது.

அப்பா இழவு வீட்டுக் குரலைத் தேர்ந்தெடுத்தார். "மனசைத் தேத்திக்கம்மா... உனக்குக் கொழுப்பு... இருநூத்தி எண்பத்தி நாலு... உனக்கு ஒண்ணுன்னா நான் எப்படித் தாங்குவேன்..."

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். மூன்று பக்கத்தையும் படித்தாள். மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். அலறுவாள், அழுவாள் என்று நானும் அப்பாவும் காத்திருந்தோம்.

"அப்படியா," என்றாள். காகிதத்தை மடித்து பீரோவில் வைத்துப் பூட்டினாள். அவ்வளவுதான்.

மறுநாள் சாயங்காலம் தேநீர் நேரத்தில் சாவதானமாகச் சொன்னாள்: "ஏங்க, டாக்டர்கிட்ட போய்ட்டு வந்துட்டேன்."

அப்பாவின் வாயிலிருந்த தேநீர் மூக்கு வழியாக வந்தது. "தனியாவா? அந்தப் பேப்பரோடவா?"

"பேப்பரோடதான். மூணு பக்கமும் பார்த்தாரு. பாவம், ரொம்ப நேரம் இருமிக்கிட்டே இருந்தாரு."

"என்ன சொன்னாரு?"

"மூணு மாசம் சாப்பாட்டை மாத்தணும், தினம் நடக்கணும். அப்படியும் குறையலைன்னா மாத்திரையாம்."

"மாத்திக்கம்மா, தாராளமா மாத்திக்க!"

"எனக்கு மட்டும் தனியா சமைச்சா மனசு ஏங்கிடுமாம். ஏங்கினா கொழுப்பு இன்னும் ஏறுமாம். அதனால வீட்டுல எல்லாருக்கும் ஒரே சாப்பாடு."

"இதை யார் சொன்னது?"

"டாக்டர். அப்புறம், நான் அடுப்புக்கிட்ட நிக்கவே கூடாதாம்."

"இது யாரு?"

"இதுவும் டாக்டர்தான்."

"அப்ப யாரு சமைக்கிறது?"

அம்மா பதில் சொல்லவில்லை. பதிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதில் என்னைப் பார்த்தது. நான் கூரையைப் பார்த்தேன். இனி அம்மாவிடம் நான் சொல்ல என்ன இருக்கிறது? அப்பா சமைக்கப் போகிறார். டிக்கெட் இல்லாமல் முதல் வரிசை!

முதல் நாள், காராமணியை ஊறவைக்காமலே வேகவைத்தார். தட்டில் விழுந்தபோது கோலிக்குண்டு சத்தம் கேட்டது. அம்மா எண்ணெய் பாட்டிலில் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றிக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் எண்ணெய் அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. அவள் கூடத்து நாற்காலியை விட்டு அசையவில்லை. குரல் மட்டும் சமையலறைக்குப் போய் வந்தது.

"மீனைப் பொரிக்காதீங்க. ஆவியில வைங்க."

"வச்சுட்டேன்."

"உப்பைக் குறைச்சு எலுமிச்சம்பழம் பிழியணும்."

"பிழிஞ்சுட்டேன்! என்னையும் சேர்த்துப் பிழிஞ்சாச்சு!"

"ஓட்ஸ்ல ஆளிவிதைப் பொடி போட்டீங்களா?"

"அய்யோ, அது ஆளிவிதையா? நான் மிளகுத்தூள்னு மீன்ல போட்டுட்டேனே!"

"அப்ப ஓட்ஸ்ல என்னத்தைப் போட்டீங்க?"

அப்பா பதில் சொல்வதற்குள் நான் ஒரு வாய் போட்டுவிட்டேன். போட்டது மிளகாய்த்தூள். ஒரு மணி நேரம் என்னால் பேசவே முடியவில்லை. ஊரே நிம்மதியாக இருந்தது என்று கேள்வி.

நடைப்பயிற்சி அதைவிடக் கூத்து. நோயாளியைத் தனியாக அனுப்பலாமா? அப்பாவும் பூங்காவுக்குப் போனார். முதல் சுற்றிலேயே அம்மாவுக்குக் கால் வலிக்கும். "நான் இந்த பெஞ்சுல உட்கார்ந்து எண்ணறேன், நீங்க சுத்துங்க. உங்களைப் பார்த்தாலே எனக்குத் தெம்பு வருது." அப்பா ஆறு சுற்று சுற்றுவார். அம்மாவுக்கு ஆறு சுற்றுக்கான தெம்பு வரும்.

ஒரு நாள் அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து அப்பா நாலே நாலு உருளைக்கிழங்குத் துண்டுகளை எண்ணெயில் போட்டார். அடுத்த கணம் கதவு படாரென்று திறந்தது. தலையில் துண்டு, வாயில் புடவைத் தலைப்பு, தழுதழுத்த குரல்.

"சாகப்போறவ முன்னாடி பொரிக்கிற வாசனையைக் காட்டறீங்களே... உங்களுக்கு மனசே இல்லையா?"

சத்தம் கேட்டு மேலேயிருந்து தையல்கார அத்தை கழுத்தில் அளவு நாடாவோடு ஓடி வந்தாள். "என்ன மனுஷன்யா நீ? பொண்டாட்டி உசுருக்குப் போராடறா, உனக்கு உருளைக்கிழங்கு கேக்குதா?" அவள் நாடாவை உருவியதைப் பார்த்து அப்பா இரண்டடி பின்வாங்கினார். நாலு துண்டும் அவர் கையாலேயே குப்பைக்குப் போயின. நான் பார்த்தேன், அப்பாவின் கண் கலங்கியிருந்தது. அம்மாவுக்காகவா, கிழங்குக்காகவா என்று கேட்க எனக்கே மனம் வரவில்லை.

இரண்டாவது மாதத்தில் இன்னொரு அதிர்ச்சி. அப்பா கீரை வாங்கப் போய், கடைக்காரரிடம் தண்டைக் கிள்ளிக் காட்டி, "இது முத்தல்யா, வேற குடு" என்று சண்டை பிடித்தார். பூண்டை நசுக்கிப் பத்து நிமிடம் வைத்துவிட்டுத்தான் சட்டியில் போட வேண்டும் என்று மாடி வீட்டு மாமாவுக்கே பாடம் எடுத்தார். இடுப்பில் பெல்ட் இரண்டு ஓட்டை உள்ளே போயிருந்தது.

மூன்று மாதம் முடிந்து இருவரும் மறுபடி ரத்தம் கொடுத்தார்கள். அறிக்கை வந்த அன்று அப்பா இரண்டு மாடியையும் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி வந்தார். மூச்சு வாங்கவில்லை, காற்றும் வாங்கவில்லை. கையில் எண்ணெய் கசியும் பொட்டலம். பொரித்த கோழி, முழுசாக ஒன்று.

"நூத்தித் தொண்ணூத்தி ரெண்டு! உனக்குச் சரியாயிடுச்சும்மா! நீ பிழைச்சுட்டே! இனிமே பழையபடி நீ சமைக்கலாம், நான் சாப்பிடலாம்!"

"நிஜமாவா? பேப்பர் எங்கங்க?"

"அது... ஆபீஸ்ல இருக்கு. இன்னும் ஒட்ட... ஓட்டமா வந்தேனா, மறந்துட்டேன்."

அம்மா பொட்டலத்தை வாங்கி என் கையில் கொடுத்தாள். பீரோவைத் திறந்தாள். மூன்று மாதத்துக்கு முந்தைய காகிதத்தை எடுத்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்றாம் பக்கத்தின் அடிவரியில் விரலை வைத்தாள்.

"அன்னைக்கு எவ்வளவோ பயத்துலயும் இந்த ஒரு வரிதாங்க எனக்கு ஆறுதலா இருந்துச்சு."

"எந்த வரிம்மா?" என்று அப்பா பாசத்தோடு குனிந்தார்.

"'பிராஸ்டேட் சுரப்பி, குறை ஏதுமில்லை'னு போட்டிருக்கு பாருங்க. ஆம்பளைங்களுக்கு மட்டுமே இருக்கிற சுரப்பி, எனக்கு இவ்வளவு நல்லா வேலை செய்யும்னு நான் நினைக்கவே இல்ல."