பார்த்து வாங்குகிறவர்

உலகத்தில் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், வாங்காதவர்கள் இருக்கிறார்கள். இந்த இரண்டு கணக்கிலும் சேராத மூன்றாவது பிறவி ஒன்று உண்டு. அவர்தான் பார்த்து வாங்குகிறவர். கஞ்சர் என்று நினைத்துவிடாதீர்கள். பணம் சட்டைப் பையிலேயே இருக்கும். பார்த்து முடிக்க வேண்டும், அவ்வளவுதான். அது மட்டும் முடிவதில்லை.

உங்களுக்கும் அவரைத் தெரியும். குடை வாங்கப் புறப்பட்டு, மழைக்காலம் முடிந்தபிறகு வெறுங்கையோடு வீடு திரும்புகிறவர். செருப்புக் கடையில் ஒரு காலில் ஒன்றும் மறுகாலில் வேறொன்றும் மாட்டிக்கொண்டு, முன்பின் தெரியாதவரிடம் அபிப்பிராயம் கேட்கிறவர். ஆனால் இந்த இனத்தின் அசல் மாதிரியைப் பார்க்க வேண்டுமானால் நீங்கள் எங்கள் மாடிக்கு வந்திருக்க வேண்டும். எங்கள் எதிர்வீட்டில் மரவேலை செய்ய வந்த தச்சர் அவர். தொழிலில் ஒரு குறை சொல்ல முடியாது. அவர் மாட்டிய கதவு சாத்தும்போது முனகுவதுகூட இல்லை. அவரிடம் நல்ல மின்வாள் ஒன்று இருந்தது. பலகையை நேராக வேண்டுமானாலும் சாய்வாக வேண்டுமானாலும் நறுக்கென்று அறுத்துத் தரும் மிஷின். அதைத் தூக்கி வைத்து அறுக்க, மடக்கி எடுத்துப் போகிற மாதிரி ஒரு ஸ்டாண்டுதான் இல்லை. இல்லை என்று சொல்வதும் தப்பு. பார்த்துக்கொண்டிருந்தார்.

அதுவரைக்கும் மிஷின் தரையில். அதன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து அறுப்பது யார் என்கிறீர்கள்? அவரா? அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. நீளப் பலகையின் மறுமுனை தொங்காமலிருக்க அடியில் ஒரு பெயிண்டு டப்பா, அந்த உயரம் போதாததற்கு மேலே ஒரு செங்கல், செங்கல் வைத்ததும் உயரம் கூடிவிட்டதால் டப்பாவை எடுத்துவிட்டு இன்னொரு சின்ன டப்பா, இப்படி ஒவ்வொரு பலகைக்கும் எழுந்து, நடந்து, குனிந்து, திரும்ப வந்து உட்கார்ந்து, மறுபடி எழும்போது அந்த மனிதர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு விடுகிற முனகல் எங்கள் வீட்டு அடுக்களை வரைக்கும் கேட்கும்.

“மாமா, ஏதாவது ஒண்ணை வாங்கிடுங்க. இடுப்பு விட்டுப்போச்சு.”

“வாங்கிடலாம் மாப்ள. அவசரப்பட்டு வாங்கிட்டு அப்புறம் உக்காந்து அழக்கூடாது. பார்த்து வாங்குவோம்.”

ஒரு ஸ்டாண்டில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அவரிடம் கேட்டுவிடாதீர்கள். சக்கரம் வைத்தது தரையில் உருளும், மாடி ஏறாது. சக்கரம் இல்லாதது மாடி ஏறும், ஆனால் நம் தோளில் ஏறிக்கொண்டுதான் ஏறும். இரும்பு ஆடாது, தூக்க முடியாது. அலுமினியம் தூக்கலாம், ஆடுமோ என்று பயம். கால் நீட்டிக் குறைக்கிற மாதிரி இருந்தால் மேடு பள்ளத்துக்கு நல்லது, ஆனால் அந்தத் திருகாணி தேய்ந்துபோனால்? சரி, இதையெல்லாம் தாண்டிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம் வரப்போகிற வேலைகளை யோசிப்பார்.

“நாளைக்கே கப்பல்ல ஒரு வேலை வருதுன்னு வச்சுக்க. அலையில இது நிக்குமா?”

“நமக்கு எதுக்கு மாமா கப்பல்ல வேலை வருது?”

“வராதுன்னு எழுதித் தருவியா?”

கருவிக் கடையில் அவரைப் பார்க்க வேண்டும். ஸ்டாண்டைச் சுற்றி வருவார், உலுக்குவார், தரையில் குப்புறப் படுத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு மட்டம் பார்ப்பார், மடக்கித் தோளில் வைத்துக்கொண்டு கடையின் படிகளில் ஏறி இறங்குவார். கடைக்காரர் அவருக்கென்று தனியாக ஒரு ஸ்டூல் போட்டுவிட்டார். புதிதாக வருகிறவர்கள் அவரைக் கடை ஆள் என்று நினைத்து விவரம் கேட்பார்கள்; இவரும் அத்தனை விவரமாகச் சொல்வார். கேட்டவர்கள் அங்கேயே வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். இவர் வாசல்வரை வந்து வழியனுப்பிவிட்டு, திரும்பப் போய் ஸ்டூலில் உட்கார்வார்.

வினை ஒருநாள் காலையில் வந்தது. எதிர்வீட்டுக்கார அம்மா வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டார்: “மத்தியானம் சாமானெல்லாம் லாரியில வந்துடும். பீரோ உள்ள வந்துட்டா சுவரோரம் கை நுழையாது. அதுக்குள்ள சுவரடியில தரையை ஒட்டி அடிக்கிற அந்த மரப்பட்டையை அடிச்சு முடிச்சிடுங்க. முடிக்கலைன்னா மேல்மாடியில என் அக்கா வீட்டு வேலை உங்களுக்குக் கிடையாது.”

அக்கா வீட்டு வேலை என்பது சமையலறை, அலமாரி, கதவு எல்லாம் சேர்ந்த பெரிய வேலை. மச்சினன் பலகைகளை மளமளவென்று அளந்து, கோடு போட்டு வரிசையாக அடுக்கிவிட்டு, ஒரு வாய் டீ குடிக்கக் கீழே போனார். திரும்பி வந்தால் பலகை இருக்கிறது, பென்சில் இருக்கிறது, பெயிண்டு டப்பாகூட இருக்கிறது. மிஷினைக் காணோம். மாமாவையும் காணோம். போனை ஸ்பீக்கரில் போட்டார்.

“மாமா, மிஷின் எங்க?”

“என்கிட்டதான் இருக்கு, கடையில. ஸ்டாண்டுல சரியா உக்காருதான்னு வச்சுப் பார்க்க வேண்டாமா?”

“லாரி கிளம்பிடுச்சாம் மாமா!”

“உக்காருது மாப்ள, அழகா உக்காருது! ஆனா பக்கத்துல இருக்கிற ஸ்டாண்டுலயும் உக்காருதே. அதான் யோசனையா இருக்கு.”

மச்சினன், நான் அவரிடம் அதுவரை கேட்டிராத குரலில், “இன்னும் அரை மணி நேரத்துல நீங்க இங்க வரலைன்னா, நான் தனியாப் போயிடுறேன். அக்கா புருஷன்னுகூடப் பார்க்க மாட்டேன்” என்று சொல்லிப் போனை வைத்தார்.

அன்றைக்குத்தான் அந்த அதிசயம் நடந்தது. அவர் வாங்கிவிட்டார்!

லாரியும் அவரும் ஒன்றாகத்தான் வந்து சேர்ந்தார்கள். பீரோ தூக்கி வந்தவர்களை முந்திக்கொண்டு, ஸ்டாண்டைத் தோளில் சுமந்தபடி மூச்சிரைக்கப் படியேறி வந்து, கூடத்தின் நடுவில் அதை விரித்தார். நான்கு காலும் அழுத்தமாக ஊன்றி நின்றன. இரண்டு பக்கமும் கைகள் நீண்டன. பலகையைத் தாங்கும் உருளைகள் சுழன்றன. சாமான் தூக்குகிறவர்கள்கூட பீரோவை வாசலில் இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

“ஆட்டிப் பாரு மாப்ள. அசையுதா?”

மச்சினன் ஆட்டிப் பார்த்தார். “அசையல மாமா. மிஷின் எங்க?”

அவர் ஸ்டாண்டின் மேலே பார்த்தார். கீழே பார்த்தார். படிக்கட்டைப் பார்த்தார். மிஷின் கடையில் இருந்தது. வாங்காமல் விட்டுவந்த அந்த இன்னொரு ஸ்டாண்டின்மேல் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

அவர் விழுந்தடித்துக்கொண்டு ஓடினார். மச்சினன் ஓடவில்லை, திட்டவும் இல்லை. எங்கள் வீட்டுக்கு வந்து, துருப்பிடித்துக் கிடந்த கைரம்பத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய், பலகையைப் புது ஸ்டாண்டின்மேல் வைத்து, நிமிர்ந்து நின்று அறுக்க ஆரம்பித்தார். நான் பார்த்த அளவில், அன்றுதான் முதல்முறையாக முனகாமல் வேலை செய்தார். மூலைகளில் மயிரிழை இடைவெளி விழத்தான் செய்தது. ஆனால் மற்ற சாமான்களெல்லாம் மேலே வந்து சேர்ந்து, கடைசியில் பீரோ உள்ளே நுழைவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

வீட்டுக்கார அம்மா சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அக்கா வீட்டு வேலையை நீங்களே எடுத்துக்குங்க தம்பி. அந்த ஸ்டாண்டையும் கொண்டு வாங்க. உங்க மாமாவை மட்டும் கடையிலயே இருக்கச் சொல்லுங்க.”

பொழுது சாயும் நேரத்தில் மாமா மிஷினோடு வந்தார். வேலை முடிந்துவிட்டதையோ, பெரிய வேலை கைமாறிவிட்டதையோ அவர் கேட்கவே இல்லை. முகம் மட்டும் ஏதோ கவலையில் இருந்தது.

“மாப்ள, நல்லா யோசிச்சுப் பார்த்தேன். அந்த ஸ்டாண்டுலதான் மிஷின் இன்னும் ஒரு பொட்டு நல்லா உக்காருது. இதை மாத்திட்டு வந்துடட்டுமா?”

மச்சினன் ஸ்டாண்டை மடக்கித் தோளில் போட்டுக்கொண்டு, மாமா கையிலிருந்த மிஷினையும் வாங்கிக்கொண்டு, மேல்மாடிக்கு ஏறிப் போய்விட்டார்.

இத்தனை சொன்ன நான் ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன். கடைசியில் அவர் வாங்கியது சக்கரம் வைத்ததா, வைக்காததா? இரும்பா, அலுமினியமா? ஸ்டாண்டை விரித்த இடத்திலிருந்தே இந்தக் கேள்வி உங்களை அரித்துக்கொண்டிருக்கிறதா? அப்படியானால் ஒன்று செய்யுங்கள். எழுந்து போய் உங்கள் வீட்டை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். நீங்கள் பார்த்து வாங்கப்போகிற எதற்காகவோ, யாரோ ஒருவர் இந்நேரம் தரையில் குத்தவைத்து உட்கார்ந்திருப்பார்.