நாற்காலிக் கையும் நாலு தெருவும்

இப்போதெல்லாம் எந்தக் கடையிலும் ஒரு சாமானை ஒரே தடவையில் ஒழுங்காகக் கொடுப்பதில்லை. சிரிப்பை மட்டும் தாராளமாகக் கொடுக்கிறார்கள். சிரித்துக்கொண்டே கொடுக்கும் எதையும் நம்பக் கூடாது என்பது அந்த ரிட்டயரான லாரி டிரைவரின் முப்பது வருஷக் கொள்கை.

இரும்புச் சாமான் கடையின் மூன்று படிகளையும் கைப்பிடிக் கம்பியைப் பிடித்து முனகி முனகி ஏறினார். கையிலிருந்ததை மேஜையில் டொக்கென்று வைத்தார். வளைந்த மரத்தை இழைக்கிற குட்டி இழைப்புளி அது. இரண்டு பக்கமும் பிடி, நடுவில் சின்னத் தகடு.

"ஏம்மா, நேத்து என்னத்தைக் கொடுத்தே? குழிவுல இறங்கவே மாட்டேங்குது!"

கடைக்காரம்மா சிரித்தாள். "இது அடி தட்டை ஐயா, வெளி வளைவுக்கு. உள் வளைவுக்கு அடி உருண்டையா இருக்கணும்."

"இதைச் சொல்ல நேத்து வாய் எங்க போச்சு?"

"நீங்க கேக்கலையே."

விஷயம் இதுதான். போன மாதம் மச்சினன் வந்து தொப்பென்று உட்கார்ந்ததில் கூடத்து நாற்காலியின் கை முறிந்தது. முறித்தவனே பேசவும் செய்தான். "தச்சரைக் கூப்பிடுங்க அத்தான். உங்களுக்கு ஸ்டியரிங்கை விட்டா வேற என்ன பிடிக்கத் தெரியும்?"

"அடுத்த தடவை நான் செஞ்ச கைமேலதான்டா நீ கை வைப்பே!" என்று இவரும் சொல்லித் தொலைத்துவிட்டார். ஆயுசில் உளியைத் தொட்டதில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவன் வருகிறான்.

முதலில் இந்த இழைப்புளிதான் வேண்டும், அது நாலு தெரு தள்ளி இந்தக் கடையில்தான் கிடைக்கும் என்று விசாரித்துச் சொன்னது மனைவி. சொன்ன கையோடு ஸ்கூட்டர் சாவியையும் தொலைத்துவிட்டாள். முட்டி வலிக்குத் தினமும் நடக்கச் சொன்ன டாக்டரிடம், "போற இடமில்லாம நடக்க எனக்கென்ன கிறுக்கா?" என்று சண்டை போட்டவர் இவர். இப்போது மானத்துக்காக நடக்க வேண்டியதாயிற்று.

உருண்டை அடி வந்தது. குழிவில் இறங்கியது. நேரான இடத்திலும் இறங்கியது, பள்ளம் பள்ளமாக. பள்ளத்தைச் சமன் செய்ய மறுபடி தட்டை வேண்டும். நடந்தார். தட்டை வந்தது, தகடு மழுங்கல். நடந்தார். சாணைக்கல் வந்தது. தீட்டிய தகட்டைத் தலைகீழாக மாட்டிவிட்டார், மரம் சிராய் சிராயாகப் பிய்ந்தது. எப்படி மாட்டுவது என்று கேட்க நடந்தார். திருத்தத் திருத்த, மணிக்கட்டுப் பருமனில் இருந்த மரம் கரண்டிக் காம்பாக இளைத்துப்போனது.

மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னங்க, நாற்காலிக்குக் கை செய்றீங்களா, காது குடையக் குச்சி செய்றீங்களா?"

"அந்தக் கடைக்காரி வேணும்னே ஏமாத்தறா!"

"பாவம், அவளைப் போய்ச் சொல்றீங்களே. நாளைக்குப் போய் நல்லாக் கேட்டு மாத்திட்டு வாங்க."

"நாளைக்கா? ஞாயித்துக்கிழமை உன் தம்பி வந்தா என் மானம் கப்பலேறிடும்டி!"

"அவனுக்கு ஏதோ வேலையாம். அடுத்த ஞாயிறுதான் வரானாம்."

போன உயிர் திரும்பியது. புது மரம் எடுத்தார். புது இழைப்புளி வாங்கி வந்தார். அடுத்த நாள் காலையில் மறுபடி கடைக்கே வந்து நின்றார். வந்த வேகத்தில் கைப்பிடிக் கம்பி இருப்பதே அவர் கண்ணில் படவில்லை.

"ஏழு நாள், ஏழு தடவை! தகட்டை இறுக்கற திருகாணியில ஒண்ணைக் காணோம். பெட்டியைப் பிரிக்கும்போதே இல்ல!"

"அச்சச்சோ! வேற தரேன் ஐயா." அதே சிரிப்பு.

புதியதை வெளிச்சத்தில் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். தகட்டைக் கட்டைவிரலால் தடவினார். முகர்ந்துகூடப் பார்த்தார்.

"இதாவது சரியா இருக்குமா?"

"சத்தியமா ஐயா."

"சத்தியம் வேறயா? இதுலயும் என்னவோ இருக்கு."

துளியும் நம்பாமல் அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு, விடுவிடுவென்று இறங்கித் தெருமுனை திரும்பிப் போய்விட்டார்.

கடைக்காரம்மா போனை எடுத்தாள். "அக்கா, இன்னிக்குப் படியை ரெண்டு ரெண்டாத் தாண்டிட்டாரு. ஒரு திருகாணி மரை தேஞ்சதாப் பார்த்துப் போட்டிருக்கேன், நாளைக்கும் கட்டாயம் வருவாரு. ஸ்கூட்டர் சாவி இன்னும் ஒரு வாரம் என் கல்லாவிலேயே இருக்கட்டும்."