பேனலுக்குப் பவுடர் பூசியது குறித்து

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம், முழங்கால் மட்டும் தன் இஷ்டப்படி நடக்கிறது. போன் செய்தால் "மீட்டிங்ல இருக்கேம்மா" என்கிறாய். கடிதம் மீட்டிங்கில் குறுக்கிடாது என்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். நான் மொட்டை மாடியில் ஏறி சோலார் பேனல்மேல் மண்ணை வாரித் தூற்றினேன் என்று கீழ்வீட்டு டைலரம்மா உன்னிடம் சொன்னது தவறு. மண்ணை வாரித் தூற்ற நான் தெருச்சண்டைக்காரி அல்ல. அது முகப்பவுடர். உன் அப்பா பாதி டப்பா மிச்சம் வைத்துவிட்டுப் போனது.

அப்பா போன பிறகு பேனலில் தூசி படிந்தது, மின்சாரம் குறைந்தது, அது உன் செல்போனில் தெரிந்தது, உடனே கூப்பிட்டாய். "யூனிட் இறங்குதேம்மா, தூசியா?" கான்வென்டில் எங்கள் நகத்தையே சிஸ்டர் தினமும் சோதிப்பார், எனக்கா சுத்தம் தெரியாது என்று சோப்புத்தூளைக் கரைத்து ஊற்றித் தேய்த்தேன். அது பாலாடை மாதிரிக் காய்ந்து ஒட்டி மின்சாரம் இன்னும் இறங்கியது. வழிந்த நுரை டைலரம்மா தைத்து மாட்டியிருந்த கவுனில் விழுந்து, அவள் ஒரு பாட்டம் கத்தினாள். "சோப்பெல்லாம் ஆகாதும்மா! யாரக் கேட்டுப் போட்ட?" என்று நீயும் திட்டினாய். திட்டி முடித்து, சாப்பிட்டாயா என்று கேட்டாய். அடுத்து ஆழ்குழாய்த் தண்ணீரில் கழுவினேன். உப்பு பூத்துத் திட்டுத் திட்டாய் நின்றது. கூப்பிட்டாய். உச்சி வெயிலில் பச்சைத்தண்ணீர் ஊற்றப்போகிறேன் என்றதற்கு, "ஐயோ, கண்ணாடி விரிசல் விட்டுடும்மா!" என்று பதறினாய். அன்று முழங்காலையும் விசாரித்தாய்.

கடைசியில் நீ அனுப்பிய எலக்ட்ரீஷியன், காலையில் பேனல் சூடேறுமுன் நல்ல தண்ணீர் ஊற்றி, மெத்தென்ற பிரஷால் மேலிருந்து கீழே இழுத்தால் போதும் என்று காட்டிவிட்டுப் போனார். அப்படியே செய்தேன். கண்ணாடி பளபளத்தது. மின்சாரம் ஏறியது. நீ கூப்பிடவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, கவனித்ததைச் சொல்கிறேன். பேனல் மங்கினால்தான் உனக்கு அம்மா ஞாபகம் வருகிறது.

அதனால்தான் பவுடர். துணி எடுக்க வந்த டைலரம்மா பார்த்துவிட்டாள். "என்னம்மா, பேனலுக்குக் கல்யாணமா?" என்றாள். "நீ உன் ஊசியைப் பாரு" என்றேன். அவள் இறங்கிப்போன பிறகு, மாடி முழுவதும் உன் அப்பா குளித்துவிட்டு வந்து நிற்கும் வாசனை. நானும் சற்று நேரம் அங்கேயே நின்றேன்.

பேனலைத் தினமும் தானே துடைக்கும் இயந்திரம் வாங்கி மாட்டப்போவதாக நீ டைலரம்மாவிடம் சொன்னாயாம். என்னிடம் சொல்லவில்லை. வேண்டாம். எனக்குக் கை ஓடுகிறது. பேனல் என் பொறுப்பிலேயே இருக்கட்டும், கொஞ்சம் அழுக்காகவே இருக்கட்டும்.

உனக்கும் மருமகளுக்கும் என் ஆசிகள். இருவரும் நீடூழி வாழ்க, நேரத்துக்குச் சாப்பிடுக.

அம்மா

பி.கு.: மேலே எழுதியதெல்லாம் வீண். உறையை ஒட்டிக்கொண்டிருக்கும்போதே ஆட்கள் வந்து இயந்திரத்தை மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். வேலையில் குறை சொல்ல வழியில்லை. மூலை முடுக்கு விடாமல் துடைக்கிறது. இனி தூசி இருக்காது. இனிமேல் எதைக் கேட்பதற்காக என்னைக் கூப்பிடுவாய் என்பதைத் தயவுசெய்து எழுத்தில் தெரிவிக்கவும்.